உப்பு ருசிக்காத தெரு

உப்பு விளைகிற ஊரில், உப்பைத் தலையில் சுமந்து, காலால் மிதித்து, அதன் வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசியே வாழ்கிற ஒரு தெருவில், ஒரு கார்த்திகை மழை தொடங்கி ஆடிக் காற்று அடிக்கிற வரைக்கும் ஒருத்தர் நாக்கிலும் உப்பு ருசிக்கவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அந்தத் தெருக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள், குனிந்து தங்கள் கணுக்காலை ஒருதரம் பார்த்துக்கொள்வார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் கிடந்தது அந்தத் தெரு. லிங்கத்துரைக்கு உப்பளத்தில் மடை பார்க்கிற வேலை. கிணற்றிலிருந்து ஏறி வருகிற உவர்த் தண்ணீரை முதல் பாத்தியில் நிறுத்தி, வெயில் குடித்தது போக மிச்சத்தை அடுத்த பாத்திக்குத் திறந்துவிட்டு, கூடினால் அடைத்து, குறைந்தால் திறந்து, கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கிற வரைக்கும் வரப்பு வரப்பாக நடந்துகொண்டே இருக்கிற வேலை. உட்கார்ந்தால் உப்புக் கெட்டுப்போகும் என்பார் அவர். அவருக்கும் இசக்கியம்மாளுக்கும் சேர்மக்கனி என்று ஒரே மகள். நர்சு படிப்புக்குச் சேர்த்து, இரண்டாவது வருஷம் நடக்கும்போது கனியின் முகம் உப்பத் தொடங்கியது. கண்விழித்துப் படிக்கிற அசதி என்று நினைத்தார்கள். பிறகு கால் வீங்கியது, பிறகு மூச்சு வாங்கியது, பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே டாக்டரம்மா ஒரு தாளைத் திருப்பிப் போட்டு அதில் அவரைக் கொட்டை மாதிரி இரண்டு வரைந்தாள்.

"இதுதான் சிறுநீரகம். முதுகுப் பக்கமா, கடைசி விலா எலும்புக்கிட்ட, ஆளுக்கு ரெண்டு. உடம்புல தண்ணி எவ்வளவு நிக்கணும், உப்பு எவ்வளவு நிக்கணும், எது வெளிய போகணும்னு நிமிஷம் தவறாம பாத்துக்கிட்டே இருக்கும். கனிக்கு ரெண்டுமே சுருங்கிப்போச்சு."

லிங்கத்துரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மடை பாக்குத ஆளு செத்துப்போனாம்னு சொல்லுதிய."

"ஆமாங்கய்யா. அதேதான்."

ஒரு சிறுநீரகம் கொடுக்கலாம் என்றால் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, அம்மாவின் ரத்தம் பொருந்தவில்லை, ஆகவே வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறிப்போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவதென்று ஆனது. படிப்பு நின்றது. படிப்புக்கு வாங்கிய பெரிய படம் ஒன்று மட்டும், தோலை உரித்துவிட்டு நிற்கிற ஒரு மனுஷனை முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்றாகக் காட்டுகிற படம், சுருட்டி உத்திரத்தில் சொருகப்பட்டது.

அந்தக் கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. பாத்தியெல்லாம் உடைந்து, கடல் எது அளம் எது தெரு எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராகி, தெருச்சனம் மொத்தமும் இடுப்பளவு உவர்த் தண்ணீரில் நடந்துபோய் புயல் காப்பகத்தில் ஏறிக்கொண்டது. அரிசி இருந்தது, விறகு இருந்தது, உப்பு இல்லை. உப்பளத்து ஆட்களுக்கு உப்பு இல்லை என்பது பொறுக்கமுடியாத அவமானமாக இருக்க, லிங்கத்துரை நீந்திப்போய், கரைந்துகொண்டிருந்த அம்பாரத்தின் கடைசிக் குவியலில் இரண்டு கையும் ஏந்தி அள்ளி, வாயில் பிடித்துவந்த தூக்குச்சட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். அதைத்தான் அண்டாவில் கரைத்தார்கள். அந்த ஒரு அண்டாக் கஞ்சியைத்தான் கைப்பிள்ளை முதல் பல் போன கிழடு வரைக்கும் அத்தனை பேரும் குடித்தார்கள். கனியும் குடித்தாள்.

ரோடு அறுந்து கிடந்ததால் அந்த வாரம் மிஷினுக்குப் போக வழியில்லை. அடுத்த வாரமும் இல்லை. கனிக்கு முகம் ஊதி மூச்சு முட்டியிருக்கவேண்டும். பெற்றவர்கள் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். அவள் நன்றாகத் தூங்கினாள், எழுந்தாள், முகம் அலம்பினாள். அவள் கால் குச்சி மாதிரி வற்றி இருந்தது. அன்றைக்குத்தான் பட்டுராணி, எதையும் முதலில் வாய்விட்டுச் சொல்கிறவள், தன் கணுக்காலைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, அமுக்கிய இடத்தில் குழி நிற்பதைக் கண்டாள்.

"யக்கா, உங்க கால நீட்டுங்க."

நீட்டினார்கள். எல்லார் காலிலும் குழி விழுந்தது. சின்னக் குழி, பெருவிரல் ரேகை பதிகிற அளவுக்குத்தான். அதைப் பார்த்து யாரும் அலறவில்லை. "ஓ, பங்கு வச்சிருச்சு போலுக்கு" என்றாள் பட்டுராணி. வரப்பு உடைந்தால் பாத்தித் தண்ணீரெல்லாம் ஒரே மட்டத்துக்கு வருவதை நாள்தோறும் பார்க்கிறவர்கள், உடம்பும் அப்படி மட்டம் ஆகியிருக்கும் என்று நினைத்து, அடுத்த வேளை உலை வைக்கப் போனார்கள்.

தண்ணீர் வடிந்து தெருவுக்குத் திரும்பிய பிறகுதான் தாங்கள் எந்த அளவுக்கு ஒன்றாகிவிட்டோம் என்பது விளங்கியது. அனலாகக் கொதிக்கவேண்டிய பிள்ளைக் காய்ச்சல் தெருவெல்லாம் பிரிந்து ஆளுக்கொரு வெதுவெதுப்பாக வந்து போனது. சர்க்கரை நோயுள்ள கங்காணி தங்கப்பழம் ஒளித்து வைத்து மஸ்கோத் அல்வா தின்றால் கடைசி வீடு வரைக்கும் நாக்கு வறண்டது. ஒருவன் வெயிலில் நின்றால் நிழலில் இருந்தவனுக்கு வேர்த்தது. சரி, ஆனால் வந்த வலி யாருடையது என்று தெரியாமல் மருந்து யாருக்குக் கொடுப்பது? அதற்காகத்தான் கனி உத்திரத்திலிருந்து படத்தை இறக்கித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டினாள்.

விடிந்ததும் குடத்தோடு வருகிறவர்கள் தங்களுக்கு எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தைப் படத்தில் விரலால் தொட்டுவிட்டுப் போகவேண்டும். கனி பக்கத்தில் நின்று அந்த இடத்தின் பெயரைச் சொல்லுவாள். இது குரல்வளை, இது மூச்சுக்குழல், நெஞ்சுக்கூட்டுக்குத் தரை போட்ட மாதிரி விரிந்து கிடக்கிறதே இது உதரவிதானம், வலது பக்கம் கல்லீரல், அதன் மடியில் பித்தப்பை, இடது பக்கம் மண்ணீரல், இரைப்பைக்குப் பின்னால் பதுங்கிக் கிடப்பது கணையம், சர்க்கரையை மட்டுப்படுத்துவது அதுதான். உடம்புக்குள் இத்தனை பேர் குடியிருப்பதை அறியாமல் இவ்வளவு நாளும் எல்லாவற்றையும் 'வயித்துவலி' என்ற ஒரே பெயரில் கூப்பிட்டு வந்ததற்காகத் தெரு கொஞ்சம் வெட்கப்பட்டது. பிறகு அந்தப் பெயர்கள் சொந்தக்காரர்கள் பெயர்போல வாயில் புழங்கின.

"ஏட்டி, யார் வீட்டுப் பித்தப்பைட்டி இது? காலையிலேருந்து வாயெல்லாம் கசக்கு."

"ஒங்க மாமியாருதுதான் மதினி. நேத்து பரோட்டாவ ஒரு பிடி பிடிச்சுட்டு வந்தாவ."

"அதுக்குப் பித்தப்பை வேறயா? ஒடம்பெல்லாம் நாக்குன்னுல்லா நெனச்சேன்."

கனி சிரிப்பாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்தது அங்கே அந்தத் தொட்டிக்கரையில்தான். "சமமா இருக்கதுன்னா சும்மா இருக்கது இல்ல மதினி" என்பாள். "சூடு ஏறுனா வேர்க்கணும், குளிரெடுத்தா நடுங்கணும், தண்ணி கொறஞ்சா தாகம் எடுக்கணும். ஒண்ணு ஏறிக்கிட்டும் ஒண்ணு எறங்கிக்கிட்டும் இருக்கதாலதான் நாம நிக்கிறோம். எல்லாம் அசையாம நின்னுச்சுன்னா அதுக்குப் பேரு வேற."

இந்தப் பந்தம் எதில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்தது தங்கப்பழம். மழைநாள் ஞாபகமாக வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனையில் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது வழக்கமாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போய் அந்தக் கஞ்சியைக் குடிக்காமல் விட்டவருக்கு மறுநாள் காலையில் நாக்கில் உப்பு ருசித்தது. கால் வீக்கம் வற்றியது. தன் சர்க்கரை முழுசாகத் தன்னிடமே திரும்பிவந்து மயங்கி விழுந்தார். அடுத்த வெள்ளி முதல் ஆளாக அண்டாவுக்கு முன்னால் தட்டோடு நின்றார்.

லிங்கத்துரைக்கு அந்த மாதங்களில் நடை மாறியது. கால் கனத்தது, ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம் என்று அவர்தான் சொன்னார். ஒரே ஒரு தடவை போனபோது டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஏன்னு புரியல. புரியாத ஒண்ண நம்பி மிஷின நிறுத்தாதீங்க" என்றாள். வெளியே வந்ததும் லிங்கத்துரை, "அவளுக்கு என்ன தெரியும்? ஒரு தெருவே ஒனக்குச் சிறுநீரகமா இருக்கு. எந்த மிஷினு இப்படிக் காக்கும்?" என்றார். கனி பஸ் சன்னல் வழியாக ஆஸ்பத்திரிக் கட்டடம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தை பிறந்து, உடைந்த வரப்பெல்லாம் கட்டி, பங்குனியில் உப்பு வாரத் தொடங்கினார்கள். வைகாசியில் எஸ்தருக்குப் பிரசவ வலி கண்டபோது அளத்தில் இருந்த அத்தனை பேரும் வாருபலகையைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் குந்தினார்கள். தங்கப்பழம் "எய்யா, எம்மா" என்று உருண்டதைப் பார்த்துப் பட்டுராணி, தனக்கும் வலித்துக்கொண்டிருக்கும்போதே, "மூச்ச விடாதிய கங்காணி, முக்குங்க!" என்று கத்தினாள். எஸ்தர் கனியோடு பள்ளிக்கூடம் போனவள், அடுத்த வீட்டுக்காரி. பிறந்த பெண்பிள்ளையைக் கனிதான் முதலில் கையில் வாங்கினாள்.

ஒன்றுதான் எல்லாரையும் அரித்துக்கொண்டிருந்தது. எதைத் தின்றாலும் மண்ணாக இருந்தது. கனியின் உடம்பில் தேங்கவேண்டிய உப்பெல்லாம் எல்லார் உடம்பிலும் தேங்கி நிற்க, உள்ளே உப்பு நிறைந்தவன் நாக்கில் வெளியே இருக்கிற உப்பு ஏறவில்லை. ஆகவே தெருப்பெண்கள் ஒரு கை கூடப் போட்டார்கள், அதற்கும் ருசிக்காமல் மறுகை போட்டார்கள். அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உப்புக்கா பஞ்சம்? போட்ட உப்பு உடம்பில் சேர்ந்தது, சேர்ந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்தது, கால்களில் குழி ஆழமானது.

"மதினி, உப்பப் போடாதிய. கேளுங்க. ருசிக்காட்டியும் போடாதிய" என்று கனி வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாவ தாயி. உப்பு வாரிப் பொழைக்கிற நாங்க உப்பில்லாமத் திங்கவா?"

கேட்கவில்லை. அவளுடைய அம்மாவே கேட்கவில்லை. உப்புப் பார்க்க நாக்கு இல்லாமல் இசக்கியம்மாள் கைபோன போக்கில் அள்ளிப்போட்டாள்.

ஆனியில் தெரு கழலத் தொடங்கியது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஒரு வெள்ளி ஒரு வீட்டில் விருந்தாள் வந்துவிட்டார்கள், மறுவெள்ளி இன்னொரு வீட்டில் தீட்டு, அதற்கடுத்து ஒரு குடும்பம் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போனது. அண்டாவைச் சுற்றி நிற்கிற வட்டம் சுருங்கச் சுருங்க, நின்றவர்கள் உடம்பில் பாரம் ஏறியது. லிங்கத்துரை யாரையும் குறை சொல்லவில்லை. வட்டத்தில் விட்டுப்போன இடத்தைப் பார்த்துவிட்டுக் கஞ்சியை இன்னும் ஒரு மடக்கு அதிகமாகக் குடிப்பார், அப்படிக் குடித்தால் தன் பங்கு கூடும் என்று நம்பியதுபோல. ஒருநாள் மடை திறக்கக் குனிந்தவர் பாத்திக்குள் சரிந்து விழுந்தார். தூக்கிவிட்டவர்களின் கைகளும் உப்பி இருந்தன. தொட்டிச் சுவரில் விரல்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் பட்டன: பின்பக்கம் திரும்பி நிற்கிற மனுஷனின் முதுகில், கடைசி விலா எலும்பு பக்கத்தில், இரண்டு இடம். தொட்டுத் தொட்டு அங்கே சாயம் போனது, பிறகு தாள் நைந்தது.

எஸ்தரின் பிள்ளைக்கு ஒருநாள் காலையில் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் உளுந்து வடைபோல ஊதி இருந்தன. தாய்ப்பாலில் போயிருந்தது பங்கு. கனி ஓடிப்போய்ப் பிள்ளையின் பாதத்தைச் சுண்டுவிரலால் அமுக்கினாள். குழி விழுந்தது, நின்றது.

"எஸ்தரு, நீ இந்த வெள்ளி அண்டாவுக்கு வராத."

"போட்டி. எனக்கு இடுப்பு நொந்த அன்னைக்கு ஒம் பங்க வேண்டாம்னா சொன்ன?"

"அது ஒரு நா வலிட்டி."

"பாதிக்கு மேல போயிட்டாவ. நானும் போனா ஒவ்வொருத்தரா கழண்டு ஒங்கப்பாவும் ஒங்கம்மையுந்தாம் மிச்சம். அவுக தாங்குவாவளா? எம் பிள்ள தாங்கிரும், கடவுள் பாத்துக்கிடுவாரு." சொல்லும்போது எஸ்தர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. கனி அதைக் கவனித்தாள்.

அன்று சாயங்காலம் அவள் அளத்துக்குப் போனாள். லிங்கத்துரை வரப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உட்காராத மனுஷன் உட்கார்ந்திருந்தார். பாத்தியெல்லாம் சிவந்து கிடந்தது. அவள் அவர் காலைத் தன் மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள்.

"எப்பா. வரப்பே இல்லாம, மடையே அடைக்காம, எங்கயாச்சும் உப்பு வெளஞ்சிருக்கா?"

அவர் மடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ பாத்தி இல்லம்மா, பிள்ள."

"எஸ்தருக்கும் அது பிள்ளதாம்பா."

"வெவரம் பேசாத. நா நிக்கிற வரைக்கும் ஒனக்கு ஒண்ணும் வராது." காலை இழுத்துக்கொண்டு எழுந்து, திறக்கவேண்டிய வேளை ஆகாத மடையை ஓங்கித் திறந்துவிட்டார். தண்ணீர் சளசளவென்று ஓடியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை அண்டாவைச் சுற்றி ஐந்தாறு குடும்பம்தான். ஆடிக் காற்று தீயைச் சாய்த்து அடித்தது. கனி தன் தட்டை வாங்கினாள், ஊதினாள், "சுடுது, வீட்ல போய்க் குடிக்கேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். சேலைத் தலைப்பால் தட்டை மூடிக்கொண்டு போனதை லிங்கத்துரை பார்த்தார். காற்றுக்கு மணல் விழாமல் மூடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன்னே அளத்தில் வேலை தொடங்கியிருந்தது. பசி எடுத்ததும் லிங்கத்துரை வரப்பில் குந்தித் தூக்குச்சட்டியைத் திறந்து, பழைய கஞ்சியைக் கையால் கரைத்து ஒரு வாய் குடித்தார்.

உப்பு.

நாக்கின் நுனியில் தொட்டு, இரண்டு ஓரமும் ஏறி, தாடையைக் கூசவைத்து, தொண்டை வரைக்கும் இறங்கியது. கார்த்திகையிலிருந்து மறந்திருந்த ருசி. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் உடம்பு அதைக் கொண்டாடியது. அந்த ஒரு கணத்துக்காக அவர் பிற்பாடு எத்தனையோ நாள் தன்னை வைதுகொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். அடுத்த பாத்தியில் பட்டுராணி வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் நின்றுகொண்டிருந்தாள். அதற்கடுத்து தங்கப்பழம் கடித்த வெங்காயத்தைக் கையில் பிடித்தபடி. பட்டுராணி வாயில் இருந்ததைத் துப்பினாள். துப்பினாலும் ருசி போகவில்லை.

லிங்கத்துரை ஓடினார். கால் லேசாக இருந்தது, அத்தனை மாதத்துக் கனம் ஒன்றும் இல்லாமல் லேசாக இருந்தது, அந்த லேசு தாளாமல் அழுதுகொண்டே ஓடினார். வீட்டில் ஆள் இல்லை. கொல்லையில் நேற்றைய கஞ்சியைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. எஸ்தர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். பிள்ளை கண்ணைத் திறந்து வெயிலுக்குச் சுருக்கியது. எஸ்தர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். தொட்டியைத் தாண்டும்போது படம் காற்றில் படபடத்தது. முதுகில் இரண்டு ஓட்டை. ஓட்டை வழியாகச் சுவர் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்துத் திட்டில் கனி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உப்பும் தண்ணீரும் முழுசாக அவளிடமே வந்து சேர்ந்திருந்தன. முகம் அடையாளம் மாறிப்போயிருந்தது. செருப்புக்குள் கால் நுழையாமல், செருப்பைக் கையில் வைத்திருந்தாள். மடியில் ஆஸ்பத்திரிப் பை. ஒரு மூச்சு எடுத்து, அதை மெதுவாக விட்டு, அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள்.

"என்ன தாயி இப்படிப் பண்ணிட்ட?"

"சாவப் போறேன்னு நெனச்சியளா? மிஷினுக்குப் போறேம்பா." மூச்சு வாங்கினாள். "அது என்னிய மட்டுந்தாம்பா பாக்கும். அதுக்குக் கால் வீங்காது."

பஸ் வந்தது. கைத்தாங்கலாக ஏற்ற அவர் ஒருவரால் முடியவில்லை. பின்னால் ஓடிவந்திருந்த இசக்கியம்மாளும் பட்டுராணியும் எஸ்தர் புருஷனும் ஏற்றினார்கள். கஞ்சிக்கு வராமல் நின்றுபோன வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், கொஞ்சம் தள்ளி. தங்கப்பழம் கண்டக்டரிடம், "அண்ணாச்சி, எங்கயும் நிறுத்தாதிய. நேரா பெரியாஸ்பத்திரி" என்று அதட்டினார். பட்டுராணி இறங்கவில்லை. "அங்கன மிஷினுக்குப் பக்கத்துல உக்கார ஆளு வேணும்லா" என்று பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பிற்பாடு அதுவே அந்தத் தெருவின் முறையாயிற்று, வாரந்தோறும் ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆள். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது, அந்தப் பஸ் போய்ச் சேருமா என்பதுகூடத் தெரியாது.

இரண்டு பக்கமும் அம்பாரம் அம்பாரமாக உப்பு வெள்ளை வெளேரென்று பின்னால் போனது. கனி தலையை அப்பாவின் தோளில் சாய்த்திருந்தாள். அவள் ஒரு மூச்சு எடுக்கும்போதெல்லாம் அவரும் கூடச் சேர்ந்து ஒன்று எடுத்தார். ஆனால் அது இப்போது அவருடைய மூச்சு மட்டும்தான். அதில் ஒரு துளிகூட அவளுக்குப் போகவில்லை.

"எப்பா."

"சொல்லுத்தா."

"கஞ்சியில உப்பு இருந்துச்சா?"

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

"ஒங்கம்மா அள்ளிப் போட்டிருக்கா. வாயில வைக்க முடியல."